திரும்பி வந்த மனு

அடித்தவன் தாசில்தாரின் சேவகன். அடிபட்டவன் ஏழை உழவன். நீதி கேட்டு நெடுந்தொலைவு நடக்கிறான், கலெக்டர் கச்சேரிக்கு. கைக்காசு கரைகிறது, கழனி காய்கிறது. இறுதியில் மனு என்னவாகிறது? விசாரிக்கும்படி அதே தாசில்தாரிடம் அனுப்பப்படுகிறது!

கற்பனையன்று, நண்பர்களே! கம்பெனி ஆட்சியில் சென்னை மாகாணம் கண்ட காட்சி இது. அன்று வரி வாங்கும் கையே விலங்கு மாட்டும் கையுமாக இருந்தது. வருவாய்த்துறைத் தாசில்தாரே காவல் அதிகாரியும் ஆவார். வரிப்பாக்கிக்காகக் கிட்டி போட்டு விரல்களை நெரித்தனர். அண்ணாந்தாள் கட்டி வெயிலிலே வாட்டினர்.

சென்னைவாசிகள் சங்கத்தைத் தோற்றுவித்த கசுலு இலட்சுமிநரசு செட்டியார் போன்றோர் இக்கொடுமையை வெளிச்சத்துக்குக் கொணர்ந்தனர். 1854இல் இலண்டன் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. சித்திரவதை விசாரணைக் குழு அமைந்தது. 1855இல் அறிக்கை அளித்தது. சித்திரவதை உண்டு என்பதைக் காட்டிலும், பாதிக்கப்பட்டவன் பரிகாரம் பெற முடியாத நிலையே தம் உள்ளத்தை மிகுதியும் வருத்தியது என்று அக்குழுவினர் எழுதினர். 1857இல் காரல் மார்க்சு, நியூயார்க் நாளேடொன்றில் எழுதிய கட்டுரையில் இதனையே எடுத்துக் காட்டினார்.

புண் ஆறிவிடும், புகார் சொல்ல இடமில்லை என்ற ஏக்கம் ஆறுமா?

1859ஆம் ஆண்டுச் சட்டம் காவலை வருவாய்த்துறையினின்றும் பிரித்துத் தனித்துறையாக்கியது. துறை பிரிந்தது, உடை மாறியது. ஆனால் மனு சென்ற பாதை மாறிற்றா?

2008இல் உத்தரப்பிரதேசத்துக் காசியாபாத்தில் ஒரு தந்தை, மகளைக் காணோம் என்று நிலையத்திலே எழுதிக் கொடுத்தார். வழக்குப் பதிவாகவில்லை. மேலதிகாரியை நாடிய பின்னரே பதிவாயிற்று. பதிவான பின்னும் பயனில்லாமையால் உச்சநீதிமன்றம் ஏறினார். 2013 நவம்பர் 12இல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்: பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகத் தகவல் காட்டுமானால், முதல் தகவல் அறிக்கை பதிந்தே ஆக வேண்டும்.

2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவும் பேசுகிறது. குற்றம் எவ்வெல்லையில் நடந்திருப்பினும் எந்த நிலையத்திலும் தகவல் தரலாம். வாய்மொழியாகச் சொன்னால் எழுதி, படித்துக் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும். படி இலவசம். நிலையம் மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். அங்கும் பயனில்லையேல் நீதித்துறை நடுவரை நாடலாம். புலனாய்வின் நிலையைத் தொண்ணூறு நாட்களுக்குள் தெரிவிக்கவும் அச்சட்டம் ஆணையிடுகிறது.

நடுவரிடம் செல்லும் அந்த வழியை எண்ணிப் பாருங்கள்! குற்றம் சாட்டப்பட்டவரின் கைக்கே மனு திரும்பிய கொடுமைக்கு அதுவே மாற்று.

எழுதப்படாத புகார், நடக்காத குற்றமாகிவிடுகிறது. ஏட்டிலே உரிமை ஏறிவிட்டது; எளியவர் நெஞ்சிலே ஏறவில்லை. காவல் நிலைய வாயிலில் தயங்கி நிற்கும் தாயைக் கண்டால், தோழனே, இரக்கப்பட்டு ஒதுங்கிச் செல்லாதே. உடன் செல்! அவள் சொல்வது எழுத்தாகும்வரை அருகில் நில்! படியைக் கேட்டு வாங்கி அவள் கையிலே கொடு!

அந்த ஒரு தாளுக்காகவே அன்றைய உழவன் அத்தனை தொலைவு நடந்தான்.