ஒரே திராட்சை, மூணு கலர்

பாயசத்துல போடற உலர்திராட்சை பழுப்பு, பச்சை, தங்க நிறம்னு மூணு விதமா கடையில் இருக்கு. மூணும் தனித்தனி ஜாதின்னு நினைச்சா, அது தேவையில்லை மக்களே. தாம்சன் சீட்லெஸ் என்கிற ஒரே பச்சைத் திராட்சையில் இருந்தே மூணும் வரும். (கறுப்பு திராட்சை தனிக் கதை.) மாறுவது காயவைக்கும் விதம்தான்.

முதலில் வெயில். நேரடியா வெயிலில் பரப்பினால் ரெண்டு மூணு வாரத்தில் காயும். நறுக்கி வச்ச ஆப்பிள் மாதிரி, நொதிகள் வேலை செய்து பழுப்பாயிடும்.

ஆப்கானியர்கள் வேற வழி கண்டுபிடிச்சாங்க. சுவரெல்லாம் ஓட்டை வைத்த மண் வீடு, பேரு கிஸ்மிஸ் கானா. உள்ளே குலைகளைத் தொங்கவிட்டால் வெயில் படாது, வறண்ட காற்று மட்டும் புகுந்து போகும். நாளாகும், ஆனால் பச்சை நிறம் பெருமளவு நிற்கும். சீனாவின் துர்பானிலும் இதே கதைதான்.

துருக்கி, கிரேக்கப் பக்கம் பிரச்சினையே தோலில் இருக்கும் மெழுகுன்னு புரிஞ்சுக்கிட்டாங்க. சாம்பல் காரத்திலும் ஆலிவ் எண்ணெயிலும் முக்கி எடுத்தால் ஈரம் சீக்கிரம் வெளியேறும். இதே தத்துவம் ஆஸ்திரேலியா போய், இன்னிக்கு மகாராஷ்டிராவின் சாங்லியிலும் ஓடுது: பொட்டாசியம் கார்பனேட் கரைசலில் முக்கி, கூரைக்குக் கீழே வலைத் தட்டுகளில் காயவைக்கிறார்கள்.

அப்புறம் மெஷின். 1795-லேயே பிரான்சில் மாசோன், ஷாலே என்ற ரெண்டு பேர் சுமார் 40 டிகிரி சூடான காற்றில் காய்கறி உலர்த்தினார்கள். பழத்துக்கு அந்த அவசரம் வந்தது 1918 செப்டம்பரில். கலிபோர்னியாவில் எதிர்பாராத மழை, வெட்டவெளியில் காய்ந்துகொண்டிருந்த திராட்சையெல்லாம் நாசம். விவசாயிகள் சூடான காற்றுச் சுரங்கங்கள் பக்கம் திரும்பினார்கள். தங்கத் திராட்சை இந்த வழியில் வந்ததுதான்: கந்தகப் புகை காட்டி, 60-70 டிகிரியில் ஏறக்குறைய ஒரே நாளில் முடிப்பது.

சூட்டை ஏத்தினா இன்னும் சீக்கிரம் முடியுமே? முடியாது. ஆரம்பத்திலேயே அதிக சூடும் வறண்ட காற்றும் பட்டால் மேல்தோல் இறுகி, ஈரம் உள்ளே மாட்டிக்கும். வெளியே காய்ந்த மாதிரி தெரியும், டப்பாவில் பூசணம் பிடிக்கும். எங்க சிங்கப்பெருமாள் கோவில்-ஒரகடம் ரோட்டில் கார் பெயிண்ட் ஷாப்பில் வேலை செய்பவரைக் கேளுங்கள். பெயிண்ட் அடிச்ச உடனே ஓவனில் தள்ளினா கொப்புளம் வரும், கொஞ்ச நேரம் ஆற விடணும். அதனால்தான் பல சுரங்கங்களில் ஈரப்பழம் சூடு குறைந்த முனையில் நுழைந்து, சூடான முனையில் வெளியே வரும்.

நாமோ பளபளன்னு இருப்பதைத்தான் உசத்தின்னு எடுக்கிறோம். அந்தப் பளபளப்பு கந்தகத்தின் தயவு. ஆஸ்துமா உள்ள சிலருக்கு அது ஒத்துக்காது. அமெரிக்காவில் 1986-லேயே, பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருந்தால் லேபிளில் போடணும்னு விதி கொண்டுவந்துட்டாங்க. நம்ம ஊர் பாக்கெட்டைத் திருப்பி 220 முதல் 228 வரை எண் இருக்கான்னு பாருங்க.

பழுப்பு திராட்சை அழகில்லைதான். ஆனா அதுக்கு மறைக்க ஒண்ணுமில்லை.