முதல் துப்பாக்கியின் விலை

வேட்டையின் வரலாறு என்றவுடன் அரசர்களும் பிரபுக்களும் ஆடிய வேட்டையே நம் நினைவில் எழுகிறது. அறுவடை முடிந்தபின், குளிர்காலத்திற்கு இறைச்சி வேண்டிக் காட்டுக்குள் நுழைந்த எளியவனின் வரலாறு குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. அவன் முதன்முதலில் எந்தத் துப்பாக்கியை வாங்கினான், ஏன் அதை வாங்கினான் என்ற சிறு கேள்வியைப் பின்தொடர்ந்தால் நிலவுடைமை, போர், தொழிற்சாலை, சட்டம் ஆகிய அனைத்தையும் நாம் கடந்து வர நேரிடுகிறது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு இக்கேள்வியை ஈண்டு நோக்குவோம்.

அதற்கு முன் இங்கிலாந்தைச் சற்று நினைவுகூர வேண்டும். 1671ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம், ஆண்டுக்கு 100 பவுண்டு வருவாய் தரும் சொந்த நிலம் போன்ற சொத்துத் தகுதி இல்லாதவர் முயல், கவுதாரி முதலியவற்றை வேட்டையாடுவதைத் தடுத்தது. தன் பயிரைத் தின்னும் முயலைக்கூடச் சிறு உழவன் கொல்ல முடியாது. இத்தகுதி முறை 1831இல்தான் நீங்கியது. அமெரிக்காவில் குடியேறியோர் இத்தகைய சட்டத்தின் நினைவைச் சுமந்து வந்தவர்கள். ஆதலால் அங்கே காட்டு விலங்கு எந்தப் பிரபுவுக்கும் உரியதன்று, மக்கள் அனைவருக்கும் பொது என்ற கருத்து வேரூன்றியது. ஆனால் உரிமை மட்டும் இருந்தால் போதாது. கருவியும் கைக்கெட்ட வேண்டும் அல்லவா?

கைக்கெட்டிய கருவிகளுள் தலையாயது ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1894 ரைபிள். மறு ஆண்டே அதற்குப் புகையற்ற வெடிமருந்து நிரப்பிய '.30-30' தோட்டா வந்தது. கைப்பிடியின் கீழுள்ள நெம்புகோலை ஒருமுறை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா தயார். ஏறத்தாழ மூன்று கிலோ எடை, தட்டையான உடல், குதிரைச் சேணத்தின் உறையிலும் அடங்கும். இதற்கு ஒரு குறையும் உண்டு. தோட்டாக்கள் குழலுக்குக் கீழுள்ள நீண்ட குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. குண்டின் முனை கூராக இருந்தால், முன்னிற்கும் தோட்டாவின் அடிப்பொட்டில் அது குத்தி வெடித்துவிடக்கூடும். எனவே முனை மழுங்கிய குண்டுகளையே பயன்படுத்த வேண்டியிருந்தது. அவை காற்றில் விரைவிலேயே வேகம் இழப்பவை. ஆயினும் கிழக்கு மாநிலங்களின் அடர்காட்டில் மான் நூறு கஜத்துக்குள்தான் கண்ணில் படும். அந்தத் தொலைவுக்கு அது போதும். தோட்டாவோ சிற்றூர்க் கடைகளிலும் கிடைத்தது. பத்து லட்சமாவது துப்பாக்கி 1927இல் அதிபர் கூலிட்ஜுக்கு அளிக்கப்பட்டது. 2006இல் நியூ ஹேவன் தொழிற்சாலை மூடப்படுமுன் 70 லட்சத்திற்கும் மேல் உற்பத்தியாகியிருந்தது.

இரண்டாவது வழியைத் திறந்தது போர். 1898ஆம் ஆண்டு ஸ்பெயினுடன் நடந்த போருக்குப் பின், நியூயார்க்கின் பிரான்சிஸ் பேனர்மன் போன்ற வணிகர்கள் உபரி ஆயுதங்களை வாங்கிப் பொதுமக்களுக்கு விற்றனர். முதல் உலகப் போரில் போல்ட் ரைபிளைக் கையாளப் பழகி வந்த இளைஞர்கள், வேட்டைக்கும் அதையே நாடினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவ்வணிகம் பெருவெள்ளமாயிற்று. ஐரோப்பியப் படைகள் தானியங்கிகளுக்கு மாற, மௌசர், லீ-என்ஃபீல்ட், கார்கானோ ஆகியவை கப்பல் கப்பலாக வந்திறங்கின. 1953இல் சாமுவேல் கம்மிங்ஸ் தொடங்கிய நிறுவனம் இத்துறையில் முதன்மை பெற்றது. புதிய வேட்டைக்காரன் இதை வாங்கி, முன்புற நீண்ட மரத்தை அறுத்து எறிந்து, பார்வைக்குறியை மாற்றி, வீட்டுப் பின்கட்டிலேயே மான் துப்பாக்கியாக்கினான். அன்று மலிவென்று அறுக்கப்பட்ட துப்பாக்கிகளைவிட, அறுபடாமல் தப்பியவற்றுக்கே இன்று சேகரிப்போரிடம் மதிப்பு மிகுதி.

உபரிச் சரக்கோடு போட்டியிடத் தொழிற்சாலைகள் மலிவாக்கும் கலையைக் கற்றன. 1958இல் நிக்கலஸ் புரூவர் உருவாக்கிய சேவேஜ் 110 இதற்குச் சிறந்த சான்று. எந்த ரைபிளிலும் போல்ட்டின் முகத்திற்கும் தோட்டாவின் இருக்கைக்கும் இடையே உள்ள அளவு மிகத் துல்லியமாக அமைய வேண்டும். அளவு கூடினால் தோட்டாவின் பித்தளை உறை கிழியும். பழைய முறையில் தேர்ந்த கைவினைஞர் சிறிது சிறிதாகச் சீவி இவ்வளவை அமைத்தார். புரூவரோ குழலின்மேல் ஒரு திருகுமரையை அமைத்தார். அளவுகோல் துண்டை உள்ளே வைத்து, குழல் அதைத் தொடும்வரை திருகி, மரையை இறுக்கினால் வேலை முடிந்தது. கைவினைஞரின் நேரம் மிச்சமானது, விலை இறங்கியது, துல்லியமும் குறையவில்லை. 1967இல் வந்த ரெமிங்டன் 788உம் இவ்வழியைச் சார்ந்ததே.

தபால்வழி விற்பனைக்கு இருண்ட முகமும் உண்டு. 1963 மார்ச்சில் சிகாகோ கடையொன்றிலிருந்து தொலைநோக்கியுடன் 19.95 டாலருக்கு ஒரு கார்கானோ தபாலில் சென்றது. பெற்றவர் லீ ஹார்வி ஆஸ்வால்ட். அவ்வாண்டு நவம்பரில் அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். 1968ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலம் கடந்து தனிநபருக்குத் தபாலில் துப்பாக்கி அனுப்புவதையும், வெளிநாட்டு இராணுவ உபரியின் இறக்குமதியையும் தடுத்தது. எளியவனின் மலிவுத் துப்பாக்கி கொலைகாரனுக்கும் மலிவாகவே கிடைத்தது என்ற உண்மையை இவ்வரலாற்றிலிருந்து நாம் நீக்கிவிட முடியாது.

மானின் பக்கம் நின்றும் இதைப் பார்க்க வேண்டும். வின்செஸ்டர் சந்தைக்கு வந்த நாள்களில், இறைச்சி வணிகத்திற்கான வேட்டையாலும் காடழிப்பாலும் வெண்வால் மான்கள் சில லட்சங்களாகக் குறைந்திருந்தன. சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கை மாநிலம் கடந்து விற்பதை 1900ஆம் ஆண்டின் லேசிச் சட்டம் தடுத்தது. மாநிலங்கள் வேட்டைப் பருவமும் உரிமக் கட்டணமும் வகுத்தன. 1937இல் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா ஆகியவற்றின் வரியைக் காட்டுயிர்ப் பாதுகாப்பிற்கே ஒதுக்கியது. நீள் துப்பாக்கிகளுக்கு இவ்வரி இன்று 11 சதவீதம். மாநிலத்தின் பரப்பும், அங்கு உரிமம் பெற்ற வேட்டைக்காரரின் எண்ணிக்கையும் பங்கைத் தீர்மானிக்கின்றன. இன்று அந்நாட்டில் மான்கள் ஏறத்தாழ மூன்று கோடி எனக் கணிக்கப்படுகிறது.

இங்கிலாந்தில் சட்டம் இருந்தது, எளியவனுக்கு இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் எளியவனுக்கு இடமிருந்தது, மானைக் காக்கும் வலுவான சட்டம் இல்லை. இரண்டும் சேர்ந்தபோதுதான் காடு பிழைத்தது என்பதே நாம் இதிலிருந்து பெறும் முடிவு.

ஆயினும் இம்முடிவு நிலைத்ததன்று. வேட்டையாடுவோர் தொகை 1980களின் உச்சத்திலிருந்து சரிந்துள்ளது. 2010களில் நெகிழிக் கட்டையுடன் வந்த ருகர் அமெரிக்கன், சேவேஜ் ஆக்சிஸ் போன்ற மலிவு ரைபிள்கள் புதியவரை ஈர்க்கவே முயல்கின்றன. அவ்வரிப் பணத்தின் பெரும்பகுதியோ இப்போது வேட்டையோடு தொடர்பற்ற துப்பாக்கிகளை வாங்குவோரிடமிருந்து வருகிறது. காட்டைக் காக்கும் பணம் காட்டையே அறியாதவர் கையிலிருந்து வரும்போது, காட்டின்மீது யாருக்கு அக்கறை எஞ்சும்? இளைஞன் ஒருவன் தன் முதல் துப்பாக்கியைத் தேடிக் கடைக்குள் நுழையும்போது, அவனை அறியாமலே அக்கேள்வியும் உடன் நுழைகிறது.