பஞ்சாபின் இரு தேர்தல்கள்

முஸ்லிம்கள் மார்க்கத்தை மட்டுமே பார்த்து மொத்தமாக வாக்களிப்பர் என்று பிறர் சொல்கின்றனர். நம்மவருள்ளும் சிலர் அதைப் பெருமையாக ஏற்கின்றனர். பிரிவினைக்கு முந்திய பஞ்சாபின் வரலாறு இதற்கு உடன்படவில்லை.

அங்கே முஸ்லிம்களுக்குத் தனித்தொகுதிகள் இருந்தன. நிலவரி, சொத்து, கல்வி, படைப்பணி போன்ற தகுதியுடையோர்க்கே வாக்குரிமை. 1937 தேர்தலில், 175 இடங்கள் கொண்ட சட்டசபையில் முஸ்லிம் லீக் பெற்றவை 2 மட்டுமே. ஆட்சி யூனியனிஸ்ட் கட்சியிடம் சென்றது. மியான் ஃபஸ்லே ஹுசைனும் ஜாட் இந்துவான சோட்டு ராமும் 1923இல் உருவாக்கிய அக்கட்சி, முஸ்லிம், இந்து, சீக்கிய நிலவுடைமையாளரை 'உழவர்' என்னும் பெயரால் இணைத்தது. உழவரின் நிலம் வட்டிக்கடைக்காரர் கைக்குப் போகாமல் தடுத்த 1900ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காப்பதே அவர்தம் பொதுக்கொள்கை.

1946இல் அதே தனித்தொகுதிகளில் லீக் 70க்கும் மேற்பட்ட இடங்களை வென்றது. வாக்காளரின் மார்க்கம் இடையில் மாறவில்லை. ஆனால் 1940இன் லாஹூர் தீர்மானம் புதியதொரு கேள்வியை அவர்முன் வைத்தது. உலகப்போர்க்காலத் தானியக் கொள்முதலும் துணி, சர்க்கரைத் தட்டுப்பாடும் ஆளுங்கட்சியின்மீது வெறுப்பை வளர்த்தன. சிக்கந்தர் ஹயாத் கான் 1942இலும், சோட்டு ராம் 1945இலும் மறைந்தனர். குலத்தலைவர்களும் தர்காக்களின் ஸஜ்ஜாதா நஷீன்களும் பெருமளவில் லீகின் பக்கம் சாய்ந்தனர். உறவினரும் முரீதுகளும் அவர்களைப் பின்தொடர்ந்தனர்.

இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வில், மார்க்க அழைப்பு 'அஸபிய்யா' எனும் குழுப்பற்றின் துணையின்றி நிறைவேறாது என்கிறார். இரத்த உறவோடு நட்புடன்படிக்கையும் சார்புறவும் அப்பற்றை உண்டாக்கும் என்பதும் அவர் கருத்து. பஞ்சாபில் நிகழ்ந்ததும் அதுவே. முழக்கம் மார்க்கத்தினுடையது, அதை வாக்குச்சாவடிவரை சுமந்து சென்றவை குலமும் தரீக்காவும் வயிற்றுப்பாடும்.

அத்தேர்தலின்போது கோரப்பட்ட நாட்டின் எல்லை எங்கே அமையும் என்பது எவருக்கும் தெரியாது. 1947 ஆகஸ்ட் 17 அன்று ராட்கிளிஃப் கோடு வெளியானபோது ஜலந்தர், லூதியானா முஸ்லிம்கள் இந்தியப் பக்கத்தில் இருந்தனர். லீகிற்கு வாக்களித்திருந்த பல்லாயிரவர் தம் வீடும் வயலும் மையவாடிகளும் துறந்து அகதிகளாயினர். சமுதாயத்தின் பெயரால் வாக்குக் கேட்போரிடம், அதனால் விளையப்போவது யாது என வினவும் கடமை நமக்கு உண்டென்பதை அவர்தம் வரலாறு உணர்த்துகிறது.