உப்பு வெல்லக் கரைசல் (வங்கதேசம்)

வயிற்றுப்போக்கில் உடல் இழக்கும் நீரையும் உப்பையும் வாய்வழியே ஈடுசெய்யும் முறையின் வீட்டு வடிவம். கடையில் ஓ.ஆர்.எஸ். பொட்டலமாகக் கிடைப்பதும் இதே முறைதான். காலரா தாக்கிய குடலும் குளுக்கோஸ் துணையிருந்தால் சோடியத்தை உறிஞ்சிக்கொள்ளும். சோடியத்தோடு நீரும் உள்ளே போகும்.

டாக்காவிலிருந்த காலரா ஆய்வகத்தில் டேவிட் நேலினும் ரிச்சர்ட் கேஷும் இதை நோயாளிகளிடம் சோதித்து 1968இல் முடிவை வெளியிட்டார்கள். 1971இல் வங்கதேச விடுதலைப் போருக்குத் தப்பி வந்த அகதிகளிடையே மேற்கு வங்கத்தின் பன்காவில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதாத நிலையில் மருத்துவர் திலீப் மகலனாபிஸ் கரைசலைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு 3.6 ஆகக் குறைந்தது. ஆயினும் மருத்துவர்கள் பலர் சலைனையே நம்பினர். இவ்வளவு எளிய ஒன்று உயிர்காக்கும் மருந்தாக இருக்க முடியுமா என்ற ஐயம் அவர்களை விடவில்லை.

ஃபசலே ஹசன் ஆபெத் 1972இல் தொடங்கிய 'பிராக்' தொண்டு நிறுவனம் இதை மருத்துவமனையிலிருந்து அடுப்படிக்குக் கொண்டுபோனது. பொட்டலம் எட்டாத கிராமங்களுக்கு வீட்டிலுள்ள பொருளே போதும் என்று முடிவு செய்தார்கள்: மூன்று விரல் நுனியால் அள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். சுள்ளா பகுதியில் 1979இல் முன்னோட்டம் நடந்தது. 1980 முதல் பத்தாண்டுகளில் பெண் பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று ஏறத்தாழ 1.2 கோடிக் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் சொல்லிக்காட்டியதோடு நிற்கவில்லை. தாய் தன் கையாலேயே உப்பையும் வெல்லத்தையும் அள்ளிக் கரைக்க வேண்டும், பணியாளர் அருகிலிருந்து திருத்துவார்.

திட்டத்தின் உயிர்நாடி ஊதிய முறைதான். எத்தனை வீட்டுக்குப் போனோம் என்பதற்கு அங்கே கூலி இல்லை. சில வாரம் கழித்து வேறொருவர் வந்து, பொறுக்கியெடுத்த சில வீடுகளில் தாயைக் கேள்வி கேட்பார், கரைசலைச் செய்யச் சொல்வார். அதன் மாதிரி ஆய்வகத்துக்குப் போகும். தாய்க்கு நினைவிருந்த அளவே பணியாளருக்குப் பணம். அரசுத் திட்டங்கள் பலவற்றில் பதிவேடு நிரம்பியதும் வேலை முடிந்ததாகிவிடுகிறது. இங்கே கற்பித்தலின் பயனே அளக்கப்பட்டது. பொது சுகாதார வரலாற்றில் இதற்கு இணையான துணிவு அரிது.

இத்தனை செய்தும் முதல் மதிப்பீடு ஏமாற்றமாக இருந்தது. தாய்மார்கள் செய்முறையைப் பிழையின்றிச் சொன்னார்கள், பிள்ளைக்குப் பேதி கண்டபோதோ மிகச் சிலரே கரைத்துக் கொடுத்தார்கள். காரணம் தேடியபோது, கற்பித்தவர்களுக்கே அதில் நம்பிக்கை இல்லை என்பது தெரிந்தது. தமக்குப் பேதி வந்தால் மாத்திரை தேடியவர்கள் அவர்களில் பலர். எனவே கரைசல் உடலில் எப்படி வேலை செய்கிறது என்பது பணியாளர்களுக்கு விளக்கப்பட்டது. தாய்மார்களின் முன்னால் அவர்களே அதைக் குடித்துக்காட்டினார்கள். இன்னொரு குறையும் புலப்பட்டது: வீட்டு ஆண்களை யாரும் சந்திக்கவே இல்லை. சந்தையிலும் பள்ளிவாசலிலும் ஆண் பணியாளர்கள் கூட்டம் போட்டார்கள், வானொலியும் சேர்ந்துகொண்டது. அதன்பின் பயன்பாடு ஏறியது. பிற்காலத்தில் மலிவான பொட்டலம் பெட்டிக்கடை வரை வந்து வெல்லத்தின் இடத்தைப் பிடித்தது. இன்று பேதி கண்ட வங்கதேசக் குழந்தைகளில் முக்கால் பங்குக்கு ஓ.ஆர்.எஸ். கிடைக்கிறது, உலகிலேயே உயர்ந்த விகிதங்களுள் ஒன்று இது.

உலக சுகாதார நிறுவனம் 2002இல் உப்பும் குளுக்கோஸும் குறைந்த புதிய கலவையை ஏற்றது. 2004இல் சிகிச்சையில் துத்தநாக மாத்திரையும் சேர்ந்தது.

இந்தியாவில் இம்முறை தெரிந்தும் எழுதிக்கொடுக்காத மருத்துவர்கள் இன்னும் பலர். கர்நாடகத்திலும் பீகாரிலும் 2000க்கு மேற்பட்ட தனியார் மருத்துவர்களிடம் நடத்தி 2024இல் வெளியான ஆய்வு, மருந்து இருப்பு இல்லாததையும் லாப நோக்கையும் விட வேறொன்றையே முதன்மைக் காரணமாகக் கண்டது: நோயாளிகள் ஓ.ஆர்.எஸ்.ஸை விரும்பமாட்டார்கள் என்று மருத்துவர்கள் தாமாகவே எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஓ.ஆர்.எஸ். வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டவர்களுக்கு அவர்கள் அதைக் கூடுதலாகக் கொடுத்தார்கள்.