முதல்ல எதை மாத்துறது?

போனஸ் வந்துச்சு. ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குப் போனா, "ஆரம்பம் சரியா இருக்கணும், முதல்ல டிஏசி மாத்துங்க"ன்னாங்க. இந்த வாதத்துக்கு ஐம்பது வருஷ வரலாறு இருக்கு, நண்பர்களே.

அப்போ பலரும் சொன்ன பதில் ஸ்பீக்கர்தான். சத்தம் அங்கேதானே பிறக்குது! 1973-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் லின் நிறுவனத்தைத் தொடங்கிய ஐவர் டீஃபன்பிரன் அதைத் தலைகீழாக்கினார். அவர் விற்றது சோன்டெக் எல்பி12 என்ற டர்ன்டேபிள். இசைத்தட்டிலிருந்து ஊசி எடுக்காமல் விட்டதை எந்த ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் திருப்பித் தர முடியாது என்பது அவர் வாதம். நம்ம கோடிங் பாஷையில, இன்புட் குப்பைன்னா அவுட்புட்டும் குப்பை.

அன்னைக்கு அது நியாயம். மோட்டார் அதிர்ந்தாலும், சுழலும் வேகம் தடுமாறினாலும் பாட்டு கெட்டுப்போகும். ஆனா 1982-ல் சிடி வந்தது. இசை எண்களாச்சு; சாதாரண பிளேயரே அதைச் சரியா வாசிச்சிடும். பிரச்சினை ஸ்பீக்கருக்கும், அது நிக்கிற அறைக்கும் இடம் மாறிடுச்சு.

நான் கேட்கிறது ஸ்ட்ரீமிங்ல. கடைக்காரர் சொன்னது டர்ன்டேபிள் காலத்துப் பதில். வீட்டுக்கு வந்து, மூலையில இருந்த ஸ்பீக்கர்களை ரெண்டடி முன்னாடி இழுத்து வச்சேன். பேஸ் இரைச்சல் அடங்கி, பாடுற குரல் தெளிவாச்சு. போனஸ் இன்னும் பேங்க்லதான் இருக்கு.