இசையில் உறவு, கடையில் பகை: ‘திஸ் இஸ் இங்கிலாந்து’ படத்தை முன்வைத்து

ஷேன் மெடோஸ் இயக்கிய ‘திஸ் இஸ் இங்கிலாந்து’ (2006) படத்துக்கு வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. தலை மழித்த பிரிட்டிஷ் இளைஞர்களின் ஸ்கின்ஹெட் பண்பாடு 1960களின் இறுதியில் ஜமைக்க இளைஞர்களிடமிருந்து ஸ்கா, ரெகே இசைகளைப் பெற்று வளர்ந்தது. பிற்பாடு நேஷனல் ஃபிரண்ட் போன்ற இனவாத அமைப்புகள் அதைக் களவாடிக்கொண்டன. படம் அந்தக் களவைச் சொல்கிறது. வசதியான விளக்கம்தான். படத்தின் முற்பாதியும் அதற்கு இடம் தருகிறது. இறுதிக் காட்சிகளில் அது உடைந்துபோகிறது என்பது என் வாதம்.

கதை நடப்பது 1983 கோடையில். பன்னிரண்டு வயது ஷானின் தந்தை முந்தைய ஆண்டு ஃபாக்லாந்துப் போரில் இறந்தவர். தனித்துத் திரியும் அவனை வுடி என்ற ஸ்கின்ஹெட் இளைஞனின் கூட்டாளிகள் அரவணைக்கிறார்கள். தலையை மழித்து, பென் ஷெர்மன் சட்டை கொடுத்து, தம்மில் ஒருவனாக்கிக்கொள்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் மில்கி என்ற ஜமைக்க வம்சாவளி இளைஞனும் இருக்கிறான். பழைய கூட்டாளி கோம்போ சிறையிலிருந்து திரும்பி இனவாதம் பேசத் தொடங்கியதும் கூட்டம் பிளவுபடுகிறது.

முப்பது லட்சம் பேர் வேலையற்றிருந்த பிரிட்டனில் கோம்போவின் பேச்சு எடுபடுவதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அவன் சேரும் நேஷனல் ஃபிரண்ட் கட்சியோ 1979 பொதுத்தேர்தலில் 303 வேட்பாளர்களை நிறுத்தி ஓர் இடம்கூட வெல்லாதது. ஆகவே அவனை வெறும் கட்சிக்காரனாகப் பார்த்தால் பிடிபட மாட்டான். ஒரு சந்திப்பில், நீ ஆங்கிலேயனா ஜமைக்கனா என்று மில்கியிடம் கேட்கிறான். ஆங்கிலேயன் என்ற பதிலில் மகிழ்கிறான். பின்னொரு இரவில் இருவரும் கஞ்சா புகைத்தபடி கறுப்பர் இசை கேட்கிறார்கள். கோம்போவுக்கு அந்த இசை தெரியும், உயிராகப் பிடிக்கும். மில்கி தன் பெரிய குடும்பத்தையும் விருந்தையும் உறவுக் கூட்டத்தையும் விவரிக்க விவரிக்க, கோம்போவின் முகம் இறுகுகிறது. அடுத்து மில்கியின் மீது அவன் பொழியும் அடிகளுக்கு அறியாமையைக் காரணமாகச் சொல்ல முடியாது. இசையைத் தன்னுடையதாக்கிக்கொள்ள முடிந்தவனால், அதற்குப் பின்னாலிருக்கும் வீட்டைத் தன்னுடையதாக்கிக்கொள்ள முடியவில்லை.

இதைப் பொறாமை என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது உளவியல் சோம்பல். பண்பாட்டு ஆய்வாளர் டிக் ஹெப்டிஜ் 1979இல் எழுதிய நூலில், ஒரு கறுப்பினக் குழுவோடு ஸ்கின்ஹெட்கள் கொண்ட அரைகுறை ஒட்டுறவின் அச்சமே இன்னொரு குழுவின் மீதான வன்முறையாக மாறியது என்ற கருத்தை முன்வைக்கிறார். வரலாறும் இதற்கு ஆதரவாகவே இருக்கிறது. ரெகேக்கு ஆடிய ஸ்கின்ஹெட்கள் 1970 வாக்கிலேயே கிழக்கு லண்டனில் தெற்காசியர்களைத் தாக்கினார்கள். களவு போனதாகச் சொல்லப்படும் அந்தப் பொற்காலம் பாகிஸ்தானியருக்கும் வங்காளிகளுக்கும் ஒருபோதும் பொற்காலமாக இருந்ததில்லை. கலப்புக்கும் ஒரு படிநிலை இருந்தது: ஜமைக்கனுக்கு நடன அரங்கில் இடம், தெற்காசியனுக்குத் தெருவில் உதை.

படத்தில் அந்தக் கீழ்ப்படியில் நிற்பவர் கடைக்காரர் சந்து. ஆரம்பத்தில் காமிக்ஸைப் புரட்டிக்கொண்டிருந்த ஷானைக் கடிந்துகொண்டவர். பின்னர் கோம்போ கத்தியோடு உள்ளே நுழைந்து அவரை மிரட்ட, கூட்டம் கடையைச் சூறையாடுகிறது. மில்கிக்குக் குடும்பம், குரல் எல்லாம் தந்த மெடோஸ், சந்துவுக்கு அச்சம் ஒன்றை மட்டுமே தருகிறார். கதையை ஷானின் கண்வழியே சொல்வதால் இது தவிர்க்க முடியாதது என்று வாதிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஷான் பார்க்காத எத்தனையோ பேரைப் பார்வையாளருக்குக் காட்டத் திரைப்படத்துக்கு வழி உண்டு.

முடிவில் ஷான் செயின்ட் ஜார்ஜ் கொடியைக் கடலில் எறிந்துவிட்டு நம்மை நேராகப் பார்க்கிறான். மில்கி பிழைத்துக்கொள்வான் என்பதும் அதற்குமுன் நமக்குச் சொல்லப்பட்டுவிடுகிறது. சந்துவின் கடை மறுநாள் திறந்ததா என்பதைப் படம் சொல்லவில்லை.