மீட்பு

ஓசூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி 'அடகு நகை மீட்டுத் தரப்படும்' என்ற பலகைகள் நிறைய. அதே ஊரின் தேவாலயத்தில் இயேசுவை 'மீட்பர்' என்று சொல்லக் கேட்கும்போது அந்தப் பலகைகள் என் நினைவுக்கு வரும். அதில் பிழையில்லை. 'மீள்' என்றால் திரும்பு. 'மீட்பு' என்றால் கைவிட்டுப் போனதைத் திரும்பக் கொண்டுவருதல். கிறிஸ்தவ மறைநூலில் மீட்பைச் சுட்டும் ஒரு கிரேக்கச் சொல்லும் அடிமையை விலை கொடுத்து விடுவிப்பதைக் குறித்தது. பழந்தமிழில் இதற்கு வீரப் பொருளும் உண்டு. பகைவர் கவர்ந்த ஆநிரையை மீட்பது கரந்தைத் திணை. அப்போரில் உயிர்விட்டவனுக்கு நடுகல் நட்டார்கள். ஓசூர் இருக்கும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அத்தகைய கற்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் கிறிஸ்தவருள் சீர்திருத்தச் சபையார் 'மீட்பு' என்பதைவிடப் பெரிதும் சொல்வது 'இரட்சிப்பு'. ஓசூரை ஒட்டிய மாநில எல்லைக்கு அப்பால் கன்னடத்திலும் 'ரக்ஷணெ'தான். 1894-இல் வெளிவந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' 'இரட்சிப்பு' என்ற சொல்லுக்குக் காவிய மதிப்பைத் தந்தது. 1995-இல் வந்த திருவிவிலிய மொழிபெயர்ப்போ 'மீட்பு' என்றது. 'இரட்சி' என்பதன் வேர்ப்பொருள் காத்தல். காப்பதற்கு உறவு வேண்டியதில்லை. மீட்பதற்கு, அது முன்பே நம்முடையதாக இருந்திருக்க வேண்டும். அடகை மீட்கக் கடனை அடைக்க வேண்டும். அதைத் தள்ளுபடி செய்யாமல் முழுவதும் அடைப்பது நீதி. கடன்பட்டவனுக்காக இன்னொருவர் தம் உயிரையே கொடுத்து அடைப்பது இரக்கம். இரண்டையும் ஒருசேரத் தாங்கும் சொல் 'மீட்பு'. என் மனம் அதையே தேர்கிறது.